முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

பிள்ள படிப்ப விட்டு நின்னதுக்குக் காரணம்னு ஒண்ணே ஒண்ணுதான் போட முடியுமா டீச்சர்? உங்க செல்லுல இருக்கிற அந்தப் பட்டியல இன்னொரு தடவ வாசிங்க. வேலைக்குப் போகுதல். கல்யாணம். குடும்பம் வேற ஊருக்குப் போனது. உடம்பு சரியில்ல. படிப்புல ஆர்வம் இல்ல. இவ்வளவுதானா? பெத்த தாய ஏமாத்தினதுன்னு ஒண்ணு இல்லியா? இருந்தா அதத் தொட்டு விட்டுட்டு நீங்க அடுத்த வீட்டுக்குப் போயிரலாம்.

இல்லங்கிய. அப்ப உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நானும் இப்பதான் உப்பளத்துலேருந்து வந்து காலக் கழுவினேன். விடியுமுன்ன வேன்ல ஏறினா பதினோரு மணிக்குக் கொண்டாந்து விடுவான். வெயிலு ஏறிருச்சுன்னா உப்பு வாருற சோலி ஆவாது, உப்புத்தரை அனலு மூஞ்சியில அடிக்கும்.

என் பேரு தங்கபுஷ்பம். மவ பேரு இசக்கிப்பிரியா, வீட்டுல பிரியான்னு கூப்பிடுவோம். வயசு பதினஞ்சு. ஒம்பதாவது முடிக்காம நின்னுட்டா. ஒரு வருஷம் ஓடிப்போச்சு. இதெல்லாம் உங்க செல்லுலயே இருக்கும். இப்ப எங்க இருக்கான்னா, இங்கதான், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா. வருவா.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். பிள்ளைய நிறுத்திப்போட்டு, கேக்க வாற டீச்சர்கிட்ட அழுது காட்டுற ஆளோட என்னச் சேத்துராதிய. எனக்கு அழுகை வராது. போன வருஷம் பங்குனியில வந்துச்சு, அதோட நின்னு போச்சு. இந்தக் காலப் பாருங்க. இருவது வருஷமா உப்புத்தண்ணியில நின்னது. முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது, வீட்டுக்கு வந்து தரையில ரத்தத்தப் பாத்துத்தான் தேடுவேன். இந்தக் காலு என் மவளுக்கு வரக்கூடாதுன்னுதான் அம்புட்டுப் பாடும் பட்டேன்.

ஒரு தாய் என்ன செய்யணுமோ எல்லாஞ் செஞ்சேன் டீச்சர். போறதுக்கு முன்னால சோறு பொங்கி டப்பாவுல அடைச்சு வச்சிருவேன். யூனிபாரத்த மடிச்சு அவ தலமாட்டுல வச்சிருவேன். ரிப்பன்கூட எடுத்து அதுமேல வச்சிருவேன், தேடுறேன்னு சாக்குச் சொல்லக்கூடாதுல்லா. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாகிட்ட ஏழு மணிக்குக் கதவத் தட்டச் சொல்லியிருந்தேன். அவளும் ஒரு நாளு தப்பாமத் தட்டுவா. இவ உள்ளருந்து, எந்திரிச்சிட்டேன் சித்தின்னு கொரல் குடுப்பா. கொரல் கேட்டாச்சு, பிள்ள போயிரும்னு அவ தன் சோலியப் பாக்கப் போயிருவா. கொரலு மட்டும் பள்ளிக்கூடம் போயிருமா?

எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுதாரு. மாசத்துல நாலு நாளு வீட்டுல இருந்தா அதிகம். பிள்ள வரலைன்னா பள்ளிக்கூடத்துலேருந்து மெசேஜ் வருமாம்லா, அது அவரு நம்பருக்குத்தான் போவும். சேக்கும்போது தகப்பன் நம்பர் வேணும்னாவ, குடுத்தோம். அவரு ஆந்திராவுல ஏதோ டோல்கேட்ல நின்னுக்கிட்டு, வாற மெசேஜ் எல்லாம் செல் கம்பெனிக்காரன் அனுப்புறதுன்னு அழிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. லாரி ஓட்டுற மனுசன் மெசேஜ வாசிச்சுக்கிட்டா இருப்பாரு.

எட்டாவது வரைக்கும் இங்க, காலனிப் பள்ளிக்கூடந்தான். சின்ன ரூம்பு. உக்காந்த எடத்துலேருந்து கைய நீட்டினா போர்டத் தொட்டுரலாம். அங்க நல்லாப் படிச்சா. பொய் சொல்லக்கூடாது, ரெண்டாவது மூணாவது ராங்க்னு வாங்கினவதான். எனக்குக் கையெழுத்துப் போடப் பழக்கிவிட்டதே அவதான். மகளிர் குழுவுல சேரும்போது பேங்குல கைநாட்டு வைக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்ப இவ மூணாவது. நோட்டுல புள்ளி வச்சுக் குடுத்து, அதுமேலயே எழுதும்மான்னா. பத்து நாளு எழுதினேன். எம் பேருல நடுவுல ஒரு எழுத்து வருதுல்லா, சுத்திச் சுத்தி, அது மட்டும் பிடிபடல. அதுக்கு எங் கையப் பிடிச்சு இழுத்துவிட்டா. இன்னைக்கும் அந்த எழுத்து வாறப்ப ஒரு நிமிசம் நின்னுதான் போடுவேன். வேற ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. எம் பேரு மட்டுந்தான் தெரியும். ஆனா அதத் திருத்தமாப் போடுவேன். எங்க வேன்ல பாதிப் பேரு பெருவிரலு.

ஒம்பதாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம். பஸ்ல போவணும். அங்க போன முதல் மாசமே இவளுக்குக் காய்ச்சல். உண்மையான காய்ச்சல்தான், ரெண்டு நாளு கெடந்தா. மூணாம் நாளு போயிருக்கா. லீவு லெட்டர் எங்கன்னு கேட்டிருக்காவ. இல்ல. வெளிய நில்லுன்னுட்டாவ. ஒரு பீரியடு பூரா வராண்டாவுல நின்னிருக்கா. அம்மாவக் கூட்டிட்டு வான்னு வேற சொல்லிவிட்டாவ. நான் ஒரு நாளு வேலைய விட்டுட்டுப் போயி நின்னேன். லெட்டர்ல பெத்தவங்க கையெழுத்து இருக்கணும், இல்லாம உள்ள விடமாட்டோம்னாவ அந்தக் கிளாஸ் டீச்சர். சரிதான, சட்டம்னா சட்டம். ஆனா எங் கஷ்டத்தயும் பாக்கணும். பிள்ளைக்குக் காய்ச்சல் வாறது விடிஞ்ச பொறவு. நான் வீட்ட விட்டுப் போறது விடியுமுன்ன. அப்ப எந்தக் கையி வந்து கையெழுத்துப் போடும்?

அடுத்த நாளு வேலை முடிஞ்சு வேன்ல வரும்போது யோசிச்சேன். வந்தவொடன அவ நோட்டுலேருந்து பத்துத் தாள அளந்து கிழிச்சேன். பத்துலயும் கீழ, வலது பக்கமா, என் கையெழுத்தப் போட்டேன். மேல எல்லாம் வெறுந்தாளு. பிஸ்கட் டப்பாவுல போட்டு அலமாரியில வச்சேன். ஏட்டி, உடம்புக்கு முடியலன்னா இதுல ஒண்ண எடுத்து நீயே எழுதிக்கோ, காய்ச்சல் தலவலிக்கு மட்டுந்தான்னு சொன்னேன். சரிம்மான்னா.

எனக்கு என் புத்திய நினச்சு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா? மறுநாள் வேன்ல சொன்னேன். எல்லாருக்கும் ஆச்சரியம், இது நமக்குத் தோணலியேன்னு. ஒரே வாரத்துல ஏழெட்டுப் பேரு ஆளுக்குப் பத்துத் தாளு போட்டு வச்சாச்சு. கைநாட்டு வைக்கிற ஒருத்தி பத்துத் தாள்லயும் பெருவிரல உருட்டி உருட்டி வச்சிட்டு, அந்த மையோடயே வேலைக்கு வந்தா. நான்தான் இந்தக் காலனிக்கே வழி காட்டினவ. இப்ப அவுக பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடம் போவுது. என் மவ மட்டுந்தான் போவல. அதச் சொல்லி வேன்ல ஒருத்தியும் சிரிக்கல. சிரிச்சாலாவது பரவால்லன்னு இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதுலேருந்து அவ ஆளே மாறிட்டா. ஒரு நாளு பஸ்ஸு மாறி ஏறித் துறைமுகத்துப் பக்கமாப் போயி இறங்கியிருக்கா. ஒம்பதாவது படிக்கிற பிள்ளைக்கு பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாதா? எழுத்தே தெரியாத நான் தப்பாம ஏறுவேன், ஆளக் கேட்டு ஏறுவேன். கேட்டா, பக்கத்துல வந்த பொறவுதாம்மா தெரியுது, அதுக்குள்ள பஸ்ஸு எடுத்துருதாங்கன்னா. பஸ்ஸு பக்கத்துல வராம, ஒரு மைலு தள்ளியிருந்தாவா தெரியும்?

திமிரு வேற வந்துருச்சு. லீவு நாள்ல நான் வேன்லேருந்து இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுதேன். அவ இந்தப் பக்கம் கடையில நிக்கா. நேராத்தான் பாக்கா. பாத்துட்டு, பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. முக்காடு போட்டுக்கிட்டு உப்புத்தண்ணிச் சேலையோட நிக்கிற தாய, பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால அடையாளந் தெரியுமா? ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ இப்படி. அதுக்கப்புறம் நான் கை காட்டுறதயே விட்டுட்டேன். அன்னைக்கு விட்டதுதான்.

டிவி போட்டா அதுக்குள்ளயே போயிருவா. கண்ணு கெட்டுப்போவும் தள்ளி உக்காருட்டின்னு முதுகுல ஒண்ணு வைப்பேன். தள்ளி உக்காருவா, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உள்ள போயிருவா. அதுவும் கோவந்தான்.

ஒரே ஒரு நாளு வந்து சொன்னா, போர்டுல எழுதிப்போடுறது சரியாத் தெரியலம்மான்னு. வளத்தியான பிள்ளன்னு கடைசி பெஞ்சுல போட்டுட்டாவளாம். நான் சும்மா விடல டீச்சர், சோதிச்சுப் பாத்தேன். தையல் ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துக் குடுத்து, கோத்துக் குடுட்டின்னேன். ஒரே தடவ. எச்சிகூடத் தொடல, சர்ருன்னு கோத்துட்டா. நான் அந்த ஊசியில கோக்கணும்னா வாசல்ல போயி வெளிச்சத்துல நிக்கணும். இந்தக் கண்ணுக்கா போர்டு தெரியலன்னு கேட்டேன். ஊசிய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. பிடிபட்டுப்போச்சுன்னு எனக்கு ஒரு சந்தோசம்கூட வந்துச்சு.

இப்பவும் அந்தக் கண்ணுதான் சோறு போடுது. உப்புப் பாக்கெட் போடுற கம்பெனியில ஒரு பாக்கெட்டுல ஊசி முன அளவு ஓட்ட இருந்தாலும் அவதான் கண்டுபிடிப்பாளாம், சூப்பர்வைசர் அவள வச்சுத்தான்...

பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கான்னு சொன்னேன்ல்லா. ஆமா, சொன்னேன். சரி, எழுதாதிய டீச்சர். கம்பெனிக்குத்தான் போவுதா. ஆறு மாசமாச்சு. உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போவலியே, நெழல்ல உக்காந்து பாக்குற வேலதான். வீட்டுல சும்மா கெடந்து சுவரப் பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கு இது பரவால்லன்னு விட்டேன். நாலு மணிக்கு வந்துருவா.

எங்க விட்டேன்? ஆங். ஐப்பசியில மழை பிடிச்சா எங்களுக்கு வேல கெடையாது. அந்த மூணு மாசமும் நானே கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னலோரம் உக்கார வச்சு, டிக்கெட் குடுக்கிறவருகிட்ட சொல்லி இறக்கிவிடச் சொல்லி. அந்த மூணு மாசமும் போனாளே! மூணு மாசத்துல ஒரு நாளுதான் போவல. அதுவும் நானா நிறுத்தினது. நலவாரியத்துல பேரு பதியணும்னு கூப்பிட்டிருந்தாவ, பாரம் எழுத ஆளு வேணும். வேற யாரு இருக்கா? இவளக் கூட்டிட்டுப் போனேன். அங்க நின்னு எனக்கு மட்டுமில்ல, வந்த ஆறு பேருக்கும் இவதான் எழுதிக் குடுத்தா. தங்கபுஷ்பம் மவ என்னமா எழுதுதான்னாவ. நான் நிறுத்தினது அந்த ஒரு நாளுதான் டீச்சர். ஒரே ஒரு நாளு. மத்ததெல்லாம் அவ நின்னது.

தை பொறந்து வேலை தொடங்குச்சு. டப்பாவுல தாளு தீந்துபோச்சும்மான்னா. பத்தும் எங்க போச்சுன்னு கேக்கணுமா இல்லியா? கேக்கல. பாதிய கரப்பான் அரிச்சிருக்கும்னு நானே நினச்சுக்கிட்டேன். இன்னொரு பத்துத் தாள்ல போட்டு வச்சேன். நானா உக்காந்து, திருத்தமா, ஒவ்வொண்ணா.

பங்குனியில வீட்டுக்காரரு வந்திருந்தப்ப அவரு போனுக்கே டீச்சர் பேசினாவ. பெத்தவங்க வரணும்னாவ. நான் போனேன். பரிச்ச எழுத முடியாதுங்க, வந்த நாளு பாதிகூட இல்லன்னாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல. எம் மவ தெனமும் வாறாளே, நான் சோறு கட்டி வைக்கேனே, டப்பா காலியா இருக்கேன்னேன். டீச்சர் ஒரு பைலத் தொறந்து ஒரு கட்டுத் தாள எடுத்து மேசமேல வச்சாவ. எல்லாம் நீங்க குடுத்த லெட்டர், எல்லாத்துலயும் உங்க கையெழுத்து, பொறவு எங்களக் கேட்டா நாங்க என்ன செய்யன்னாவ. பாத்தேன். என் கையெழுத்துதான். ஒண்ணுலகூட அந்த நடு எழுத்து பிசகல.

அன்னைக்குத்தான் டீச்சர் எனக்கு மரத்துப்போனது. காலுல தொடங்கினது மேல ஏறிருச்சு. கோவம் வரல முதல்ல. அம்புட்டுப் பேரு முன்னால, என் கையெழுத்து என்னப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவ பழக்கிவிட்ட கையெழுத்து. அத வச்சே என்ன ஏமாத்திட்டா.

அவுக குடுத்துவிட்ட அந்தக் கட்டோட வீட்டுக்கு வந்து, வெளக்குமாத்த எடுத்து அடிச்சேன். ஆமா, அடிச்சேன், மறைக்கல. எங்கட்டி போன இத்தன நாளும்னு கேட்டேன். நான் வாற நேரம் வரைக்கும் வீட்டுலயே கதவச் சாத்திக்கிட்டு இருந்திருக்கா, பொறவு சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல. அடிக்க அடிக்க அழவே இல்ல. ஒண்ணுதான் கேட்டா.

"நீ அத வாசிச்சியாம்மா?"

எப்படி இருக்கு பாருங்க. எழுத்து வாசன இல்லாதவ நான்னு தெரியும். தெரிஞ்சே கேக்கா. எகத்தாளம். அதுக்கு மேல நாலு போட்டேன். எங்க வீட்டுக்காரரு கட்டப் பிரிச்சு மேல இருந்த ஒண்ண வாசிச்சாரு. காய்ச்சல்னு போட்டிருக்கு, எல்லாம் காய்ச்சலாத்தான் இருக்கும், பொய்க்காரின்னுட்டு வீசினாரு. மறுநாளு காலையில அவ யூனிபாரத்த நானே எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சேன். அவ போறேன்னும் சொல்லல, போவலன்னும் சொல்லல. அப்படியே நின்னுபோச்சு.

லெட்டரா? இருக்கு டீச்சர், எரிக்கலாம்னுதான் பாத்தேன். என் கையெழுத்த எப்படி எரிக்கதுன்னு விட்டுட்டேன். அரிசிப் பானைக்கு அடியில கெடக்கு. நாளைக்கு அவ, நான் படிக்கணும்னு சொன்னேன் நீதான் விடலன்னு சொன்னா, எடுத்து முன்னால போடணும்லா. இந்தாங்க. யாருகிட்டயும் குடுத்து வாசிக்கச் சொன்னதில்ல. பொய்ய வாசிக்கச் சொல்லி யாராவது கேப்பாவளா?

எண்ணாதிய, பதினாலு இருக்கும். சிவப்பு மையில கோழி கிளறினாப்புல இருக்கே, அது கிளாஸ் டீச்சர் கையெழுத்து. எல்லாத்துலயும் இருக்கும். அவுகளயும் குத்தஞ் சொல்ல முடியாது, அம்பது அறுவது பிள்ளைக, காலையில வாற லெட்டரப் பூராவுமா படிச்சுக்கிட்டு இருப்பாவ.

காய்ச்சல். ம். அடுத்ததும் காய்ச்சலா? நாந்தான் சொன்னேனே. தலவலி. காய்ச்சல். போதும் டீச்சர், மீதியும் அதுதான், மடிச்சு வச்சிருங்க.

ஏன் நின்னுட்டிய? என்ன போட்டிருக்கு? சத்தமா வாசிங்க, எனக்குக் கேக்கட்டும்.

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு. நேற்று நான் என் மகளை நலவாரிய அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றதால் அவள் பள்ளிக்கு வரவில்லை. நேற்று கண் டாக்டர் வந்து எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்ததாக அறிந்தேன். டாக்டர் மறுபடியும் வரும்போது என் மகளின் கண்ணையும் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கபுஷ்பம்."

அந்த நாளா? நான் கூட்டிட்டுப் போன அந்த ஒரு நாளா?

சரியாப் பாருங்க டீச்சர். அன்னைக்கா கண் டாக்டர் வந்தது? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. சொன்னாளோ? அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது ஏதோ சொன்னா. நான் அந்த பாரத்துச் சீட்டு நனையாம மடிச்சுக்கிட்டு இருந்தேன். என்ன சொன்னாளோ, தெரியல.

இல்ல, தண்ணி வேண்டாம். அடுத்தத வாசிங்க.

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு. என் மகளுக்குக் கடைசி பெஞ்சில் இருந்து போர்டில் எழுதுவது தெரியவில்லை. தப்பாக எழுதுகிறாள் என்று தினமும் எழுப்பி நிற்க வைக்கிறீர்கள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவளை முதல் பெஞ்சில் உட்கார வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கபுஷ்பம்."

அவ நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா போட்டிருக்கு? நான் சொன்னதாவா?

நான் அப்படி ஒரு நாளும் போயிச் சொல்லலியே டீச்சர். போனப்பல்லாம் தலயக் குனிஞ்சு நின்னுட்டு வந்தேன். தப்பு எம் மவ மேலதான், நாலு போடுங்கன்னுட்டு வந்தேன். இதுல இருக்கிறவ யாரு? டீச்சர்கிட்ட இப்படி நின்னு கேக்குறவ யாரு? பணிவுடன் கேட்டுக்கொள்கிறேனாம். நான் கேக்கவே இல்லியே. கையெழுத்து என்னுதுதான். பாத்தவொடன தெரியுது.

இதே மாதிரி இன்னும் இருக்கா? மூணா? மூணும் முதல் பெஞ்சா? ஒவ்வொண்ணுலயும் சிவப்பு மை இருக்கா?

அவ கேட்டது எகத்தாளமில்ல போல. வாசிச்சியாம்மான்னு கேட்டாளே. நாலு போட்டேன் அதுக்கு.

கடைசித் தாள ஏன் திருப்பித் திருப்பிப் பாக்கிய? பின்னாலயும் ஒண்ணுமில்லியா. வெறுந்தாளா? கீழ எம் பேரு இருக்கு, அது எனக்கே தெரியுது. மேல ஒண்ணும் எழுதாமயா குடுத்திருக்கா? அதுலயும் சிவப்பு மை இருக்கே டீச்சர். எழுதாத தாள வாங்கிக் கையெழுத்துப் போட்டு பைல்ல வச்சிருக்காவளே. அவுகளச் சொல்லி என்ன செய்ய. நானும் எழுதாத தாள்லதான போட்டேன்.

எனக்கு இப்பவும் அழுகை வரல பாருங்க. வரணும், இல்லியா? உங்களுக்கு வந்துருச்சு, எனக்கு வரல. முள்ளு எறங்கியிருக்குன்னு தெரியுது, அவ்வளவுதான். ரத்தம் எங்கன்னு பொறவு தேடணும்.

அந்தப் பட்டியல்ல எதப் போடப் போறிய? உடம்பு சரியில்லன்னு போடலாம், கண்ணும் உடம்புதான. வேலைக்குப் போகுதல்னும் போடுங்க, மறைக்க வேண்டாம். ஒண்ணுதான் போட முடியும்னா நீங்களே பாத்துப் போடுங்க. ஆர்வம் இல்லன்னு மட்டும் போட்டுராதிய. அது பொய்யி.

மறுபடி சேக்கலாமா? ஒம்பதாவதுலயேவா? வயசு கூடிருச்சேன்னு சொல்லமாட்டாவளா? கண்ணாடி பள்ளிக்கூடத்துலயே குடுப்பாவங்கிய. சும்மாவா? சும்மா குடுக்கிற கண்ணாடிக்கா இம்புட்டும் ஆச்சு. நாளைக்குக் காலையிலயேவா? சரி, நாளைக்கு வேன்ல ஏறல. நானும் வாறேன். வந்து நிக்கேன். இந்தத் தடவ தலயக் குனிஞ்சு நிக்கல.

லெட்டர் குடுக்கணுமா சேக்கச் சொல்லி? அந்தக் கடைசித் தாளு வேண்டாம் டீச்சர், அதத் தள்ளி வைங்க. கையெழுத்து முதல்ல விழுந்த தாளு வேண்டாம். உங்க நோட்டுலேருந்து புதுசா ஒண்ணு கிழிங்க. எழுதுங்க. எம் மவளுக்கு போர்டு தெரியாதுன்னு எழுதுங்க. முதல் பெஞ்சுன்னு எழுதுங்க. அவ நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு எழுதுங்க. பணிவுடன்னு போடணும்னா போட்டுக்கிடுங்க.

எழுதியாச்சா? பேனாவ நீட்டாதிய. முதல்ல வாசிங்க, பைய, ஒவ்வொரு சொல்லா. கேட்டு முடிச்ச பொறவு போடுதேன்.

ம். சரியா இருக்கு. இன்னொரு தடவ வாசிங்க.

குடுங்க. இந்த நடு எழுத்துக்குத்தான் கொஞ்சம் நேரமாவும்.

மணி என்ன இருக்கும்? நாலு மணி வரைக்கும் இருக்க முடியுமா டீச்சர்? கம்பெனி வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். அவ வரும்போது இங்கருந்து கையக் காட்டாதிய. அவளுக்குத் தெரியாது. பக்கத்துல வரட்டும்.